நிலைவாரி வகுப்பு என்று பணம் வாங்கிவிட்டு எல்லாரையும் ஒரே கூட்டமாக நிறுத்தியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சனிக்கிழமை காலை 10.15 மணி ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்பு. சிறுவர் ஒருவர், பெரியவர் ஒருவர். பத்து வகுப்புகளுக்கான கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு முறை மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். இரண்டுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட குழுவிடம் தெரிவிக்கிறோம்." இந்த முறை தமிழில் எழுதக் காரணம், என்னை நீங்கள் அழைத்தது தமிழில்தான். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையில் கரும்பும் மஞ்சள் கொத்துமாக இரண்டு கையும் நிறைந்திருந்தபோது, உங்கள் ஆள் ஒரு துண்டுத்தாளைப் பையில் செருகிவிட்டுப் போனார். "குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ற பனிச்சறுக்குப் பயிற்சி. ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை." அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மீன் வாங்கிய ஈரம் ஓரத்தில் பட்டிருந்தாலும் எழுத்து அழியவில்லை.

அந்த இரண்டு வரியை நம்பித்தான் பேநவ் பணமாற்றுச் சேவை வழியாக 800 சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினேன். என் ஒன்பது வயது மகளுக்கு 380, எனக்கு 420. மகளை அனுப்பிவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கோப்பி குடித்திருக்கலாம். ஆனால் அவளுடைய ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. ஜேக்யூப் கடைத்தொகுதி 2023 ஆகஸ்ட்டில் மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். 2012ல் திறந்தபோது சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் அளவு ஐஸ் தளம் என்று பேசப்பட்ட இடம் அது. அவ்வளவு பெரிய வெள்ளைத் தரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரும் வாசல் தெளிக்காத வீடு மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து விடவில்லை. சேர்க்கை மேசையில் இருந்த உங்கள் தம்பி ஒருவர், நம் நாட்டிலிருந்தும் குளிர்கால ஒலிம்பிக் போயிருக்கிறார்கள் என்று உற்சாகப்படுத்தினார். "சையன் கோ, 2018, பியோங்சாங். ஆனா அவங்க வேகச் சறுக்கு, ஷார்ட் டிராக்" என்று அவருக்கே இவள் திருத்தம் சொன்னாள். அந்த அளவுக்குத் தயாராக வந்த பிள்ளை.

இனி என் புகார். முதல் நாள் உங்கள் பயிற்றுநர் ஒருவர் அவளைத் தனியாகப் பத்து நிமிடம் சோதித்தார். இரண்டு காலில் சறுக்குவது, வலது காலில் மட்டும், இடது காலில் மட்டும், முன்னோக்கியும் பின்னோக்கியும் ஸ்விஸில். எல்லாம் செய்தாள். ஸ்விஸிலை எங்கள் வீட்டில் "எலுமிச்சை" என்றுதான் சொல்வோம். குதிகால்களைச் சேர்த்துவைத்துக் கிளம்பி, கால்களை அகட்டி, மறுபடி விரல் நுனிகளைச் சேர்த்தால் ஐஸில் விழும் கோடு எலுமிச்சை வடிவில் இருக்கும். இவையெல்லாம் நீங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஐ என்ற ஸ்கேட்டிங் பயிற்சி முறையில் ப்ரீ-ஆல்ஃபா நிலைக்கு உரியவை. ஆகவே அவர் அட்டையில் "ஆல்ஃபா" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆல்ஃபா என்றால் காலை உந்தி முன்னேறுவது, வளைவில் ஒரு காலைத் தூக்கி மற்றதன் குறுக்கே வைப்பது, ஒற்றைக் காலால் ஐஸைச் சுரண்டி நிற்பது. அதற்கு மேல் பீட்டா, காமா, டெல்டா, பிறகு ஃப்ரீஸ்டைல் பத்து நிலை. ஏணிப்படி மாதிரி. நீங்கள் விற்றதும் அந்த ஏணியைத்தான்.

முதல் இரண்டு வகுப்பும் சொன்னபடி நடந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாம் மாறியது. ஆல்ஃபா, ப்ரீ-ஆல்ஃபா, டாட்ஸ் வயதுச் சிறு பிள்ளைகள், முதன்முதலாகக் காலணி மாட்டிய பெரியவர்கள், இவர்களுக்கு நடுவில் பின்னோக்கிச் சுற்றிப் பழகும் பீட்டா பையன்கள் இருவர். எல்லாரும் சுவரோரமாகச் சிவப்புக் கூம்புகள் வைத்துப் பிரித்த ஒரே துண்டில். நான் எண்ணினேன், பதினான்கு பேர். பயிற்றுநர் ஒரே ஒருவர்.

அந்தப் பயிற்றுநரைக் குறை சொல்லமாட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? நான்கு வயதுப் பிள்ளை ஒன்று பெங்குவின் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்து அழுகிறது. அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே தோளுக்கு மேலாகத் திரும்பி, "ஆல்ஃபா, நீங்கள் எலுமிச்சை போடுங்கள்" என்று கத்துகிறார். (ஆங்கிலத்திலும் அவர்கள் எலுமிச்சை என்றுதான் சொல்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. என் மகளுக்கு அதில் ஒரு பெருமை.) வேறு வேலை கொடுக்க அவருக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. குறுக்குக் கால் போட வளைவு வேண்டும். அந்தத் துண்டில் வளைவுக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு ஐஸைச் சீர்செய்யும் வண்டி நம் நேரத்தில்தான் வெளியே வரும். முப்பது நிமிட வகுப்பு 10.22க்குத்தான் தொடங்கும், 10.45க்கு விசில் ஊதிவிடும்.

நான்கு வாரம். வாரா வாரம் எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்பேன். நான்காவது வாரம் அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எலுமிச்சைதான். நாற்பத்திரண்டு போட்டேன், எண்ணினேன்." ஏற்கெனவே தேறிய பாடத்தை நாற்பத்திரண்டு முறை எழுதச் சொல்ல நான் 38 வெள்ளி கொடுக்கத் தேவையில்லை. அதற்கு வீட்டில் தமிழ்ப் பயிற்சிப் புத்தகமே இருக்கிறது.

என் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். பெரியவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது விழுவது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உட்கார்வதுபோல் சாய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. எழும்போது ஒரு முழங்காலில் நின்று, மற்ற காலின் தொடையில் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும். முதல் வகுப்பில் இதை அருமையாகச் சொல்லித் தந்தார்கள். ஐந்தாவது வாரம் புதிதாக வந்த, அறுபது வயதிருக்கும் ஐயா ஒருவருக்கு இதில் ஒரு சொல்கூடச் சொல்லப்படவில்லை. "சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றதோடு சரி. அரை மணி நேரமும் பேருந்தில் கம்பி பிடித்து நிற்பவர்போல அவர் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

ஆறாவது வாரம் பின்னோக்கி வந்த பீட்டா பையன் என்மேல் மோதினான். அவனுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? நான் விழுந்து கையை ஊன்றிவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். இரண்டு வாரம் மணிக்கட்டுக்குப் பட்டை. விழுந்ததற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஐஸில் விழாமல் யார் கற்றுக்கொண்டார்கள்? சேரும்போது கையெழுத்திட்ட பொறுப்புத் துறப்புத் தாளும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நிற்கத் தெரியாதவர்களுக்கு நடுவில் பின்னோக்கிச் சறுக்குபவர்களை விடுவது அந்தத் தாளில் இல்லை. அதைத் தவிர்க்கத்தானே நிலைகளைப் பிரிக்கிறார்கள்?

வாடகைக் காலணி பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குக் கிடைத்த 38ஆம் எண் ஜோடியில் இடது காலணியின் மேல் கொக்கி இல்லை. கயிற்றைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டச் சொன்னார்கள். இது சின்ன விஷயம், விட்டுவிடுகிறேன். பிளேடு சின்ன விஷயமில்லை. அதன் அடிப்பக்கம் தட்டையானதல்ல. நடுவில் குழிந்து, உள்விளிம்பு வெளிவிளிம்பு என இரண்டு கூர் இருக்கும். அந்தக் கூர் ஐஸைக் கடித்தால்தான் வளைய முடியும், நிற்க முடியும். முதல் நாள் வந்த பயிற்றுநரே ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார்: கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே லேசாக இழுத்துப் பார், நகத்தில் வெள்ளையாகத் துகள் சீவினால் கூர் இருக்கிறது என்று பொருள். ஆறாவது வாரம் என் மகள் கவுண்டரில் மூன்று ஜோடி மாற்றிப் பார்த்தாள். மூன்றும் அவள் நகத்தில் சோற்றுக்கரண்டிபோல வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது ஜோடியில் துரு வேறு.

உங்கள் மின்னஞ்சல் பதில்களில், "வகுப்புகளை ஒருங்கிணைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்ற விதிமுறை சுட்டப்பட்டிருந்தது. படித்தேன். மழை, பள்ளி விடுமுறை, பயிற்றுநர் விடுப்பு போன்ற காரணங்களால் ஒரு வாரம் சேர்ப்பதை யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். தொடர்ந்து நான்கு வாரம் சேர்த்தால் அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயரில்லை. நீங்கள் விற்ற பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு. எட்டுப் பேர் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பதினான்கு பேரை நிறுத்துவதற்கு எந்த விதிமுறையும் இடம் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியவை இவைதான். என் பெயரில் மீதமுள்ள நான்கு வகுப்புக்கான 168 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். பட்டையைக் கழற்றினாலும் இந்த ஏற்பாட்டில் நான் ஐஸில் இறங்கமாட்டேன். மகளுக்கு வீணான நான்கு வகுப்பையும், மீதமுள்ள நான்கையும் சேர்த்து எட்டையும் உண்மையான ஆல்ஃபா வகுப்பில், கூடுதல் கட்டணம் இல்லாமல், கொடுங்கள். அப்படி ஒரு வகுப்பு உங்களிடம் இல்லையென்றால் அவளுடைய எட்டுக்கும் 304 வெள்ளி. முதல் இரண்டு வகுப்புக்கான பணத்தைக் கேட்கவில்லை. அவை நன்றாக நடந்தன, அது உங்கள் பணம்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், என்னுடையது 472தான். வழக்கறிஞர் வைக்கவும் வேண்டாம். துண்டுத்தாள், பயிற்றுநர் கையெழுத்திட்ட அட்டை, பேநவ் ரசீது, கண்ணாடிக்கு வெளியிலிருந்து என் கணவர் எடுத்த காணொளி, மருந்தகச் சீட்டு எல்லாவற்றையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். காணொளியில் மற்றப் பிள்ளைகளின் முகங்களை மறைத்துவிட்டேன். தலைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், ஆனால் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியதாக இருக்கட்டும். மகள் போன சனிக்கிழமையும் போகவில்லை. கையுறையும் தடித்த காலுறையும் இன்னும் கதவோரப் பையிலேயே இருக்கின்றன, எடுத்துவைக்க விடமாட்டேன் என்கிறாள். வரும் சனிக்கிழமை அவளை அழைத்து வருவதா வேண்டாமா, வந்தால் எந்தப் பயிற்றுநரிடம் விடுவது என்பதையாவது வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தாயார், பெரியவர் வகுப்பு மாணவியும்கூட
உட்லண்ட்ஸ்