முதலில் முட்டு, அப்புறம் பூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மாட்டுக் கொட்டகைகள் இன்னும் சில நிற்கின்றன. மாடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது, உள்ளே பைக்கும் பழைய இரும்பும்தான். சுவர் வெடித்தால் உடனே ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி அடைத்துப் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உள்ளே ஏறிய ஈரத்தையும் வெளியே விடும், சிமென்ட் இரண்டையும் கெடுக்கிறது, போதாக்குறைக்கு வெடிப்பு வளர்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

முதல் வேலை முட்டுக் கொடுப்பது. சவுக்குக் கட்டை சென்ட்ரிங் கடையில் வாடகைக்கே கிடைக்கும். சுவரோடு ஒட்டிக் கனமான பலகையை நிமிர்த்தி, கட்டையின் தலை வழுக்கி மேலேறாதபடி அந்தப் பலகையில் ஒரு மரத்துண்டு அடித்து, தரைக்கு 60 முதல் 75 டிகிரி சாய்வில் ஊன்ற வேண்டும். தலை முட்டும் இடம் கூரை உத்திரம் சுவரில் உட்காரும் மட்டமாக இருக்கட்டும். சுவர் வயிறு தள்ளிய இடத்தில் முட்டினால் அங்கேயே உடையும். நம் பக்கம் மணல் பூமி, மழையில் இளகும், ஆகவே அடியில் அகலமான பலகையைப் போட்டு அதன்மேல்தான் கட்டை நிற்க வேண்டும். கட்டைக்கு அடியில் செருகும் ஆப்பை மெதுவாக இறுக்குங்கள், சம்மட்டி வேண்டாம்; சுவரைப் பிடித்து வைத்தால் போதும், பழைய இடத்துக்குத் தள்ளப் பார்க்கக் கூடாது. உள்ளே உத்திரத்துக்கு அடியில் இரும்பு ஜாக்கி நிறுத்தினால் கூரை பாரமும் சுவரிலிருந்து குறையும்.

அப்புறம் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பூச்சைச் சுரண்டிய செங்கல்மேல் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்தால், அது கீறும்போது சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். படிக்கட்டு போல ஏறும் வெடிப்பு என்றால் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்குகிறது. அதற்குக் கொத்தனார் மட்டும் போதாது, இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். முளைத்த அரசங்கன்றை வெட்டுங்கள், பிடுங்காதீர்கள், வேரோடு செங்கல்லும் வந்துவிடும் (இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை).

கால்வாய்க்குத் தோண்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட சுவர் ஓரமாகப் பள்ளம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், முட்டு நின்ற பிறகு, நீளமாக ஒரேயடியாக வெட்டாமல் சிறிது சிறிதாகத் தோண்டி மூடுங்கள்.

ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை