தையல் தொழிலாளர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் தொழில் தோழர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் ஒரே தையல் கூலி வாங்குவது என்று முடிவெடுத்தோம். அதை யார் காப்பாற்றினார், யார் காற்றில் விட்டார் என்று இங்கே எழுதிச் சண்டை வளர்க்க விரும்பவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஜூலை 21 அன்று திருவனந்தபுரத்தில் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் காலமானார். வயது 101. 2001 முதல் 2021 வரை நம் மலம்புழா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். இரங்கல் கூட்டம் நடத்தலாம் என்றபோது, "சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோமே" என்றார் ஓர் உறுப்பினர். நியாயமான பேச்சுதான். "கட்சிக்காரருக்காகவா கூடுகிறோம்? நம்மைப் போல் தையல் கடையில் உட்கார்ந்தவருக்காக" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

அவர் சொன்னது உண்மை. ஆலப்புழை அருகே புன்னப்ராவில் 1923-ல் பிறந்த வி.எஸ்., நான்கு வயதில் தாயையும் பதினொன்றில் தந்தையையும் இழந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றது. அண்ணனின் தையல் கடைக்குப் போனார். முதலில் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும்தான் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். நம்மில் யார்தான் அப்படித் தொடங்கவில்லை? பிறகு கயிறு ஆலையில் கூலி வேலை. 1940-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவரை, குட்டநாட்டு வயல்களில் விவசாயக் கூலிகளைத் திரட்ட அனுப்பினார் கட்சித் தலைவர் பி. கிருஷ்ணபிள்ளை. 1946-ல் திருவிதாங்கூர் அரசுக்கு எதிராகத் தொழிலாளர்கள் நடத்திய புன்னப்ரா–வயலார் எழுச்சியை அடுத்துப் பிடிபட்டார். லாக்கப் கம்பிகளுக்கு வெளியே கால்களை இழுத்துக் கட்டி அடித்தார்கள். துப்பாக்கிமுனைக் கத்தி உள்ளங்காலைத் துளைத்தது.

1964-ல் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் அவரும் ஒருவர். 1996 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய இடது முன்னணி ஜெயித்தது, மாராரிக்குளத்தில் அவர் தோற்றார். 2001-ல் நம் தொகுதிக்கு வந்தார். இம்முறை அவர் ஜெயித்தார், முன்னணி தோற்றது. எதிர்க்கட்சித் தலைவராக, எண்பதை நெருங்கும் வயதில், வன நில ஆக்கிரமிப்பைப் பார்க்க இடுக்கி மாவட்டத்து மதிகெட்டான் காட்டுக்கு நடந்தார். மேடையில் ஒரு சொல்லை நீட்டி, அதையே திருப்பி, மறுபடியும் நீட்டுவார். கூட்டம் "கண்ணே, கரளே, வி.எஸ்ஸே" என்று முழங்கும். கரள் என்றால் மலையாளத்தில் ஈரல். நாம் நெஞ்சு என்கிற இடத்தில் அவர்கள் அதைச் சொல்வார்கள். நானோ, மேடைக்குக் கீழே நின்று பேச்சைக் கேட்டதைவிட அவருடைய வெள்ளை ஜிப்பாவின் தோள் தையலைப் பார்த்ததே அதிகம்.

2006 தேர்தலில் நிற்கக் கட்சி முதலில் அவருக்கு இடம் தரவில்லை. ஊரெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே கொடுத்தது. 82 வயதில் முதலமைச்சரானார். மறு ஆண்டு மூணாறில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார். சொந்த முன்னணிக்குள்ளேயே முட்டுக்கட்டை விழுந்து அது பாதியில் நின்றது. வெட்டிய துணியைத் தைக்காமல் மேசையில் விட்டதுபோல் அது மட்டும் எனக்கு உறுத்தல். கட்சிக்குள் ஓயாமல் மோதினார். 2009-ல் கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவிலிருந்தும் விலக்கப்பட்டார். அப்போதும் கட்சியை விட்டுப் போகவில்லை. இதை நல்லது என்பதா, பலவீனம் என்பதா என்று இரங்கல் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. தலைவர் டீ வரவழைத்துத்தான் முடித்துவைத்தார்.

உடலை ஏற்றிய அரசுப் பேருந்து திருவனந்தபுரத்திலிருந்து அவர் வீட்டை அடைய ஏறக்குறைய 22 மணி நேரம் பிடித்தது. வழிநெடுகக் கூட்டம். அன்றிரவு பள்ளிச் சீருடை ஆர்டர் பாக்கி இருந்ததால் கடையைத் திறந்தே வைத்திருந்தேன். தொலைக்காட்சியில் பேருந்து தெரியும்போதெல்லாம் பையன்கள் எந்திரத்தை மிதிப்பதை நிறுத்தினார்கள். நானும் எதுவும் சொல்லவில்லை.

நாம் அணிந்த கறுப்புப் பட்டைகள் கடைகளில் மிஞ்சிய லைனிங் துணியில் தைத்தவை. செலவுக் கணக்கில் அவை வரவில்லை. யாரும் பொருளாளரைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்