இலை ஏன் நீலமாக இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, ஐரோப்பாவின் இடைக்கால உடைகள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சட்டைக் கைகளைத் தனியாகத் தைத்து, வேண்டும்போது நாடாவால் கட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் புதுத் தகவல். ஆனால் நடுவில் ஒரு வரி இடறியது. அன்றைக்கு இயற்கைச் சாயம்தானே, அதனால் ஜனங்கள் மங்கலான மண் நிறங்களில்தான் உடுத்தினார்கள், பளிச்சென்ற நிறமெல்லாம் 1856-க்கு அப்புறம் வந்தது என்கிறார் கட்டுரையாளர். கரூரில் 34 வருடம் சாயப் பட்டறையில் வேலை பார்த்து, டையிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1856 என்றது லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப் போய், தவறுதலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்த வருடத்தை. சரி, பெரிய விஷயம்தான். என் பிழைப்பே அந்த வழியில் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் கண்ணைப் பறிக்கிற சிவப்பும் பச்சையும் இல்லை என்று எப்படிச் சொல்வது? கட்டுரையாளர் பழைய துணியை இன்றைய நிலையில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே ஏமாற்றம் என் சொந்த வேலையிலேயே நடந்திருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு பார்ட்டி, முழுக்க இயற்கைச் சாயத்தில் 300 சால்வை கேட்டார்கள். நிறம் கிளிப்பச்சை. அவுரித் தொட்டியில் முக்கி நீலம் ஏற்றி, அதன்மேல் படிகாரமும் மஞ்சள் கிழங்கும் போட்டால் அந்தப் பச்சை அருமையாக விழும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது என்று அப்போதே சொன்னேன். ஷேடு சரியாக வந்தால் போதும் என்றார்கள். வந்தது. போன சரக்கு ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் இரண்டு மாதம் தொங்கிவிட்டுத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் கிளிப்பச்சை, வெளிப்பக்கம் வெறும் நீலம். மஞ்சள் மட்டும் கழன்று போய்விட்டது. பில்லில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு பாடத்துக்கான ஃபீஸ் என்று வைத்துக்கொண்டேன்.

போன வருடம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நியூயார்க்கில் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒற்றைக் கொம்புக் குதிரையை வேட்டையாடுவதை நெய்த ஏழு பெரிய திரைகள் அங்கே இருக்கின்றன. 1500-ஐ ஒட்டி நெய்தவை. எல்லாரும் குதிரையைப் பார்க்கிறார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல இலைகளில் பச்சையை மீறி நீலம் எட்டிப் பார்த்தது. "மாமா, இதுல அப்படி என்ன இருக்கு?" என்றார் மருமகன். "மாப்ள, என் 300 சால்வை இருக்கு" என்றேன்.

அந்தத் திரைகளில் உள்ள சாயங்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அத்தனை பூவுக்கும் முகத்துக்கும் உடைக்கும் அடிப்படை மூன்றே செடிகள்: நீலத்துக்கு வோடு, சிவப்புக்கு மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்டு. பச்சைக்கென்று உருப்படியான தனிச் சாயம் அன்றைக்கு இல்லை. வோடில் முக்கி எடுத்த நீலத்தின் மேல் வெல்டைப் போடுவார்கள். இங்கிலாந்தில் பேர்பெற்ற லிங்கன் பச்சையும் இந்தக் கூட்டுதான். அன்றைய மஞ்சள்களில் வெல்டு கெட்டிக்காரச் சாயம், நம் மஞ்சளைப் போல இரண்டு மாதத்தில் கைவிடாது. ஆனாலும் 500 வருட வெளிச்சத்தில் மற்ற இரண்டும் நிற்க, அதுதான் முதலில் தளர்கிறது. பழைய திரைச்சீலைகளில் காடே நீலமாகத் தெரிவது இதனால்தான். நெய்தவன் நீலக் காடு நெய்யவில்லை.

1998-ல் அந்தத் திரைகளைக் கழுவுவதற்காகப் பின்பக்கத்து உள்துணியைப் பிரித்தார்கள். வெளிச்சமே படாத அந்தப் பின்பக்கத்தைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தைவிட நிறம் அவ்வளவு அழுத்தம். என் சால்வையின் உள்மடிப்பு மாதிரி. கட்டுரையாளர் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்திருந்தால் மண் நிறம் என்று எழுதியிருக்க மாட்டார்.

மேடரும் லேசுப்பட்ட வேர் இல்லை. சிவப்புச் சாயம் தரும் நம் மஞ்சிட்டிக்கு அது பங்காளி. செடியை இரண்டு மூன்று வருடம் விட்டால்தான் வேர் பருக்கும். காயவைத்துப் பொடித்து, படிகாரத்தில் ஊறிய கம்பளியோடு சேர்த்துச் சூடேற்ற வேண்டும். கொதிக்க விட்டால் காரியம் கெட்டது, சிவப்பு செங்கல் பொடியாகிப் பழுப்புக்குத் திரும்பிவிடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இந்தப் பக்குவத்தைக் கையை விட்டுப் பார்த்துத்தான் பிடித்திருப்பார்கள். மட்டமான வேலைக்காரனிடம் மண் நிறம் வந்திருக்கும், மறுக்கவில்லை.

வோடு இன்னும் பெரிய பாடு. இலையை ஆலையில் நசுக்கி, உருண்டை பிடித்துக் காயவைத்து, அப்புறம் அதை உடைத்து நனைத்து வாரக்கணக்கில் புளிக்கவிட வேண்டும். நாற்றம் ஊரைத் தூக்கும். 1585-ல் முதலாம் எலிசபெத் ராணி, தன் அரண்மனைகளுக்குப் பக்கத்தில் வோடு பயிரிடக் கூடாது என்றே உத்தரவு போட்டார். பிரான்சில் துலூஸ் நகரத்து வியாபாரிகளுக்கு அதே நாற்றம் பணமாக மணத்தது. பியேர் தஸ்ஸேஸா என்ற வோடு வியாபாரி 1555-ல் கட்ட ஆரம்பித்த மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது.

துணியைத் தொட்டியிலிருந்து தூக்கும் அந்த நொடி மட்டும் வோடுக்கும் நம் அவுரிக்கும் ஒன்றுதான். மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்று திட்டு வாங்கினேன். இரண்டு செடியிலும் இருப்பது ஒரே நீலப்பொருள். அவுரியில் அது கூடுதல், அவ்வளவுதான். அதனால்தான் இந்திய அவுரிச் சரக்கு வந்து இறங்கியதும் வோடு வியாபாரிகள் அலறினார்கள். 1577-ல் ஜெர்மானியப் பேரரசில் இது பேய்ச் சாயம் என்று தடை வந்தது. நியூரம்பெர்க் சாயக்காரர்கள் அதைத் தொடுவதில்லை என்று வருடாவருடம் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டிலேயே கொல்லத்துக்கு வந்து, அங்கே செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு நீலம் எடுப்பதை எழுதி வைத்திருக்கிறார்.

படிகாரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அது இல்லாவிட்டால் மேடரும் வெல்டும் துணியில் ஒட்டாது, முதல் சலவையிலேயே ஓடிவிடும். ஐரோப்பாவுக்கு நல்ல படிகாரம் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பக்கமிருந்து, வந்துகொண்டிருந்தது. துருக்கியர் அந்தப் பகுதியைப் பிடித்ததும் விலை அவர்கள் கைக்குப் போனது. அப்போது ஜொவான்னி தா காஸ்ட்ரோ என்று ஒருவர். கான்ஸ்டான்டிநோபிளில் துணிக்குச் சாயம் போடும் தொழில் செய்து, நகரம் துருக்கியரிடம் விழுந்த பிறகு இத்தாலிக்கு வந்தவர். 1460-களின் தொடக்கத்தில் ரோமுக்கு வடமேற்கே டோல்ஃபா மலையில் நடந்துகொண்டிருந்தார். படிகாரம் கிடைக்கும் ஆசிய மலைகளில் பார்த்த அதே செடி அங்கேயும் முளைத்திருந்தது. பக்கத்திலிருந்த வெள்ளைக் கல்லைக் கடித்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. நேராகப் போப்பாண்டவர் இரண்டாம் பயஸிடம் போய், துருக்கியர் மீது உங்களுக்கு வெற்றி கொண்டுவந்திருக்கிறேன் என்றாராம். கல்லை நாக்கில் வைத்துத் தெரிந்துகொள்கிறவன் சாயக்காரனாகத்தான் இருக்க முடியும். அந்தச் சுரங்கத்தை வைத்துப் போப்பாண்டவர்கள் படிகார ஏகபோகமே நடத்தினார்கள். மங்கலான மண் நிறத்துக்காகவா இத்தனை அடிதடி?

ஏழைகள் பலர் சாயமே போடாத கம்பளியை, ஆட்டின் நிறத்திலேயே உடுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் 1363-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். வண்டிக்காரனும் உழுகிறவனும் மலிவான முரட்டுக் கம்பளி மட்டும்தான் உடுத்தலாம் என்று அதில் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் உடுத்தினார்கள் என்றால் சட்டம் எதற்கு? சீக்கிரமே அதை விலக்கிக்கொண்டார்கள்.

கறுப்பு ஏழைகளின் நிறம் என்று கட்டுரையில் வந்த வாக்கியத்தையும் திருத்த வேண்டும். கறுப்பு ஏழைகளின் நிறம் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வாங்குகிறோமே மாசிக்காய், அதையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்தால் மலிவாகக் கறுப்பு வரும். ஆனால் அந்த இரும்பு வருடம் போகப் போக நூலைத் தின்றுவிடும். பழைய திரைகளில் கருங்கோடுகள் முதலில் உதிர்வது இதனால்தான். துணி கெடாத ஆழக் கறுப்பு வேண்டுமென்றால் நீலத்தை அடர்த்தியாக ஏற்றி, மேலே மேடரைப் போட வேண்டும். இரண்டு சாயத்துக்கும் காசு, இரண்டு வேலைக்கும் கூலி. 1419-ல் அப்பா கொலையான பிறகு பர்கண்டிப் பிரபு பிலிப் கறுப்பிலேயே உடுத்த ஆரம்பித்தார். அது துக்கம் மட்டுமல்ல, பணம் இருப்பதையும் காட்டியது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு நீங்கள் போட்ட திரைச்சீலைப் படத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது. அச்சகத்தில் மெஜந்தாவைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்படியே கிளாய்ஸ்டர்ஸ் திரைகளின் பின்பக்கப் படம் ஒன்று கிடைத்தால், முன்பக்கத்தோடு சேர்த்து அடுத்தடுத்து அச்சிடுங்கள். எழுத்து ஒரு வரி போதும்.

ஓய்வுபெற்ற டையிங் மாஸ்டர்,
கரூர்