கரையடி ஈரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டையின் கரையில் மரக்கன்று நடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்.

எங்கள் குட்டைக்கரையின் வெளிச்சரிவில் தானாக முளைத்து வளர்ந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். அது பட்டுப்போனபோது, அடிமரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிட்டேன். வேர் மக்கியதும் அது கிடந்த இடம் மண்ணுக்குள் குழாய்போல வெற்றிடமாகித் தண்ணீருக்கு வழிவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் குட்டை நிரம்பிய மூன்றாம் நாள், கரையடியில் ஓரிடம் சொதசொதவென்று கிடந்தது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்பதால் பதறாமல், கசியும் நீரைத் தினமும் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துவைத்துப் பார்த்தேன். முதலில் தெளிவாகத்தான் இருந்தது. நான்காம் நாள் குவளையின் அடியில் நகத்தின் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. கரை உள்ளிருந்தே அரிபடுகிறது என்று புரிந்தது. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டீட்டன் மண் அணையில் காலையில் கலங்கல் கசிவைக் கண்டவர்கள், நண்பகலுக்குள் அணையே உடைந்துபோனதையும் கண்டார்கள். என் குட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே அதிகம்தான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கசியும் வாயைக் களிமண் வைத்து அடைக்கத்தான் முதலில் கை பரபரத்தது. நல்லவேளையாகச் செய்யவில்லை, வெளியிலிருந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நீர் வேறிடத்தில் வாய் திறக்கும். அதற்குப் பதிலாக மணலைப் பரப்பி, அதன்மேல் சரளைக்கல்லைப் போட்டேன். நீர் வடிந்தது, மண் தங்கியது. குட்டையின் நீர்மட்டத்தையும் நாள்தோறும் சிறிது சிறிதாகவே குறைத்தேன், ஏனென்றால் சட்டென்று வடித்தால் நீரில் ஊறிய உள்சரிவு தாங்குவதற்கு ஆளில்லாமல் சரிந்துவிடும்.

கோடையில் அடிக்கட்டையையும் வேர்களையும் தோண்டியெடுத்தோம். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரமாக்கிய களிமண்ணை, 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இடித்துக் கெட்டித்தோம். குழியின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டியதால்தான் புதுமண் பழைய மண்ணோடு கடித்துக்கொண்டது. இப்போது அங்கே புல் மட்டுமே வளர்கிறது.

கலிங்கை, அதாவது குட்டை நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் வழியை, உயர்த்தி இன்னும் அரையடி நீர் தேக்கலாம் என்று எழுதியிருந்தாய். மரத்தைவிட இதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. கரையின் உச்சிக்கும் கலிங்குக்கும் இடையிலுள்ள அந்த வெற்றுயரம் வீணாகக் கிடப்பதாக நினைக்காதே. பெருமழையில் நீர் கரைமேல் வழிந்தால், வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு சில மணி நேரத்தில் உடைத்துவிடும். கலிங்கைத் தொடாதே, மரத்தைக் கரையடியிலிருந்து நன்றாகத் தள்ளி நடு. குட்டை முதன்முறை நிரம்பும்போது எனக்குச் சொல்லி அனுப்பு; குவளையோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்