இழப்பீடு அன்றே கொடுக்கப்பட்டது, ஆனால் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அடிமை முறைக்கு இழப்பீடு கோரும் கரீபிய நாடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட ஒரு கொடுமைக்கு யார், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிடவே முடியாது என்கிறார் கட்டுரையாளர். பிரிட்டனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஒருமுறை போடப்பட்டு, பணமும் பட்டுவாடா ஆகிவிட்டதை அவர் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்.

1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அரசின் அன்றைய ஓராண்டுச் செலவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. அதைப் பெற்றவர்கள் அடிமைகள் அல்லர், ‘சொத்தை’ இழந்த முதலாளிகள். இதற்கென அமைந்த ஆணையம், வயல்வேலை செய்பவர், கைத்தொழில் தெரிந்தவர், வீட்டு வேலையாள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, முதுமையாலோ நோயாலோ உழைக்க இயலாதவர் என்றெல்லாம் மனிதர்களை வகை பிரித்து, வகைக்கொரு விலை வைத்தது. பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன், 2,500-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றுக்கொண்டார். விடுதலை பெற்றவர்களுக்கோ ஒரு காசும் கிடைக்கவில்லை. ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை அதே முதலாளிகளிடம் வாரத்தின் பெரும்பகுதியைக் கூலியின்றி உழைத்துக் கழிக்க நேர்ந்தது. அந்த ஆண்டிலேயே, விடுதலையானவர்களுக்கு மாற்றாக, ஜான் கிளாட்ஸ்டனின் கயானா தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்து கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். தமிழர்கள் மொரீஷியஸ் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். (1825-இல் போர்க்கப்பல்களை அனுப்பி, தம்மைத் தாமே விடுவித்துக்கொண்ட ஹெய்ட்டி மக்களிடம் 15 கோடி பிராங்க் கேட்ட பிரான்சின் கதை தனிக் கடிதத்துக்குரியது.)

முதலாளிகளுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் முழுமையாக அடைபட்டது. பிரிட்டிஷ் நிதித்துறையே 2018 பிப்ரவரியில் இதை ஒரு சாதனைபோல ட்விட்டரில் வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்கியது. அப்படியானால், 1948 முதல் ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்து, லண்டனில் பேருந்து ஓட்டியும் மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிந்தும் வரி கட்டிய கறுப்பின மக்கள், தம் முன்னோரை விலைக்கு வாங்கியவர்களுக்காகப் பட்ட கடனையும் சேர்த்தே அடைத்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறையினர் பலரை ஆவணம் இல்லையென்று பிரிட்டன் வேலையிலிருந்து விலக்கியதும், காவலில் வைத்ததும், நாடுகடத்தியதும் அதே 2018-இல்தான் பெரிய அளவில் அம்பலமாயின. அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பதிவுச் சீட்டுகளை 2010-இல் அழித்தது உள்துறையேதான். இனவெறியின் விளைவு இன்றும் தொடர்கிறதா என்று கேட்பவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

கடன் அடைபட்ட அதே 2015-இல், ஜமைக்கா நாடாளுமன்றத்தில் பேசிய அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், இந்த வேதனையான வரலாற்றைக் கடந்து செல்வோம் என்றார். அந்த உரையில் இழப்பீட்டைப் பற்றி வாய் திறக்காதவர், ஒரு புதிய சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண்டு தர முன்வந்தார்.

கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட பத்து அம்சத் திட்டம் தலைக்கு இவ்வளவு என்று காசோலை கேட்கவில்லை; முறையான மன்னிப்பு, பொதுச் சுகாதாரம், எழுத்தறிவு, கடன் தள்ளுபடி போன்றவையே அதன் கோரிக்கைகள். கட்டுரையில் இடம்பெறாத அந்தத் திட்டத்தைத் தமிழில் முழுமையாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்