நியமனக் கடிதத்தில் ஒரு சொல்: யாழ்ப்பாணத்துக் கடை, அலுவலக உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில்தருநர்களே,

உங்களிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கிடைத்த நியமனக் கடிதத்தைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவற்றில் என் பேனாவை நெடுநேரம் நிறுத்திவைப்பது 'ரெமுனரேஷன்' என்ற சொல். (சிலர் 'ரெனுமரேஷன்' என்றே அச்சிடுகிறார்கள்; எண்ணைக் குறிக்கும் 'நியூமரல்' போல அது ஒலித்தாலும், சரியான சொல்லுக்கும் எண்ணுக்கும் உறவேதும் இல்லை.) கொடை என்று பொருள்படும் 'மூனுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்த அது, செய்த வேலைக்குத் திருப்பித் தருவதை, நம் வழக்கில் கைம்மாற்றைக் குறிப்பது. மாதச் சம்பளம் மட்டுமன்றிப் படிகளும் பிற கொடுப்பனவுகளும் அதனுள் அடங்கும். கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தன் ஆங்கிலப் பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கியிருக்கிறது. தமிழில் அதை 'வேதனம்' என்று எழுதுகிறேன்.

சொல் விரிந்ததாக இருப்பதில் குற்றமில்லை. அதை எங்கே விரித்து எங்கே சுருக்குகிறோம் என்பதிலேதான் வழக்கு. அண்மையில் வந்த ஒரு கடிதத்தின் முதற்பக்கம் வேதனம் 50,000 ரூபாய் என்றது. மறுபக்கமோ அடிப்படைச் சம்பளம் 35,000, வாழ்க்கைச் செலவுப் படி 15,000 எனப் பிரித்து, ஊழியர் சேமலாப நிதி (ஊழியரின் ஓய்வுக்காலத்துக்கென இரு தரப்பும் மாதந்தோறும் செலுத்தும் சேமிப்பு) அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே என்றது. "அப்ப என்ர சம்பளம் எவ்வளவு, ஐயா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, வாழ்க்கைச் செலவுப் படியும், நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியுங்கூட அந்த நிதிக்கான கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்றால், விடுபட்ட 15,000 ரூபாய்க்கு மாதந்தோறும் 3,000 ரூபாய் அவள் கணக்குக்குப் போகாமல் நிற்கிறது. அதில் 1,800 ரூபாய் நீங்கள் செலுத்தவேண்டிய பங்கு.

ஆகவே, அடுத்த கடிதத்தில் 'வேதனம்' என்று எழுதும்போது, அதற்குக் கீழேயே சம்பளம் இவ்வளவு, இன்ன படி இவ்வளவு, சேமலாப நிதி கணக்கிடப்படும் தொகை இவ்வளவு என்று மூன்று வரிகளைத் தமிழிலும் சேர்த்துவிடுங்கள். அந்த மூன்று வரிகளுக்காக என்னிடம் எவரும் பணம் கட்டவேண்டி வராது.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர்