வந்திருக்கணும்

அன்பு மாப்ளே,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, சந்தோஷம். கொஞ்ச நாளைக்குப் பேப்பர் படிக்காதே. இதையும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். இஸ்மிரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பேரன் துருக்கி மொழியில் வெளுத்துக் கட்டுகிறான். அவனுக்கு ஈடுகொடுக்க நானும் இலக்கணப் புத்தகமும் கையுமாகத் திரிகிறேன். வகுப்பில் இலக்கணம் நடத்தியவன் நீ. இதையெல்லாம் உன்னிடம்தான் கொட்ட முடியும்.

இங்கே இறந்தகாலம் இரண்டு. 'கெல்தி' என்றால் வந்தான், எனக்கு நேராகத் தெரியும். 'கெல்மிஷ்' என்றால் வந்திருக்கிறான், ஆனால் நான் பார்க்கவில்லை. வாசலில் அவன் செருப்பைப் பார்த்துச் சொன்னாலும் கெல்மிஷ்தான், பக்கத்து வீட்டம்மா சொல்லிக் கேட்டாலும் கெல்மிஷ்தான். நாமோ செருப்பைப் பார்த்தால் 'வந்திருக்கான்' என்போம், பக்கத்து வீட்டம்மா சொன்னால் 'வந்தானாம்' என்போம். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி அரபியில் எழுதிய துருக்கிய அகராதியிலேயே இந்தக் கண்டது, காணாதது வேறுபாடு இருக்கிறது.

இது ஊகம்தான் என்று காட்ட 'மிஷ்'ஷுக்குப் பின்னால் ஒரு துணைவினையைச் சேர்ப்பார்கள். விளக்கு எரிகிறது, கதவும் பூட்டவில்லை: 'கெல்மிஷ் ஒல்மலு', வந்திருக்கணும். (அந்தக் கடைசி எழுத்து நம் குற்றியலுகரமேதான். என்னோடு படிக்கும் ஜெர்மன்காரர் அதற்குப் படும் பாட்டைப் பார்க்கணுமே!) அவ்வளவு நிச்சயமில்லை என்றால் 'கெல்மிஷ் ஒலாபிலிர்', வந்திருக்கலாம். வழியே இல்லை என்றால் 'கெல்மிஷ் ஒலாமஸ்'. வினை முன்னே, துணைவினை பின்னே என்று வரிசைகூட நம்முடையதுதான். அதனால் எனக்கு இது பாடமாகவே தெரியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் நம்மை மடக்கிவிட்டார்கள். 'அவன் நேத்தே வந்திருக்கணும்' என்கிறோமே, வந்துவிட்டான் என்ற ஊகமா, வர வேண்டியவன் வரவில்லை என்ற குறையா? குரலைக் கேட்டால்தான் தெரியும். இவர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. ஊகத்துக்கு 'கெல்மிஷ் ஒல்மலு', குறைக்கு 'கெல்மெலிய்தி'. 'மிஷ்'ஷில் நாம் பிரித்ததைச் சேர்த்துப்போட்டவர்கள், இங்கே நாம் சேர்த்ததைப் பிரித்துவிட்டார்கள்.

வேடிக்கை 'கெல்மிஷ்திர்'தான். பேச்சில் அது 'இந்நேரம் வந்திருப்பான்' என்ற அனுமானம். அதே விகுதியைப் பாடப்புத்தகத்தில் பார், குடியரசு 1923இல் நிறுவப்பட்டது என்று அடித்துச் சொல்கிறது! வீட்டில் ஊகமாக இருப்பது அச்சில் ஏறியதும் வரலாறாகிவிடுகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

உங்கள் பக்கத்தில் 'வந்திருக்கணும்' என்பதற்குள்ள இரண்டு பொருளையும் யாராவது வேறு வேறு மாதிரி சொல்கிறார்களா? விசாரித்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சொட்டுமருந்தை மட்டும் மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்